கூப்பிட்ட குரலுக்கு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பையனைக் காலேஜில் சேர்த்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், என் வயலுக்கு அடியில் ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்றும், அது சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானின் குரலைத் திருடிக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறது என்றும் நான் நம்பினேன். நம்பிவிட்டுச் சும்மா நிற்கவில்லை. போன வாரம் ஆள் வைத்து நட்ட குறுவைப் பயிரை என் காலாலேயே உழக்கிக்கொண்டு ஓடினேன். வேட்டி வரப்பு முள்ளில் மாட்டிக்கொண்டது. திரும்பிப் போய் எடுக்கிற தைரியம் இல்லை. பட்டாபட்டி டவுசரோடு தெருவுக்குள் வந்து விழுந்த என்னை முதலில் பார்த்தவர் மாவு மில் அக்கா. என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய காலிச் சாக்கை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

ஊரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உச்சந்தலையிலிருந்து புருவம் வரை மாவு படிந்திருக்கும். கோபம் வந்தால் நெற்றி சுருங்கி மாவு உதிரும். அதை வைத்துத்தான் கோபம் என்று கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருஷம் மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகச் சொன்னாலே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆடு திரும்பிப் பார்க்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார். கேட்பது மனிதராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. காஸ் சிலிண்டருக்குப் போன் போட்டால், தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அதற்கு "தமிழ்தாம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்துவார். என் வயல் மோட்டாருக்கு போனில் ஓடுகிற ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தேன். மின்சாரம் வந்ததும் அது என்னைக் கூப்பிட்டு, மோட்டாரை இயக்கவா என்று கேட்கும். ஒருநாள் போனை மில்லில் மறந்துவிட்டேன். அக்கா எடுத்து, "அவரு இல்லையேப்பா, வந்ததும் சொல்றேன்" என்று மரியாதையாகப் பேசி வைத்துவிட்டார். எலெக்‌ஷன் சமயத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, உங்கள் பொன்னான வாக்கு யாருக்கு என்று கத்திக்கொண்டு வந்தார்கள். அக்கா வாசலுக்கு வந்து, "இன்னும் முடிவு பண்ணலப்பா" என்றார். மைக்கில் இருந்தவன் அடுத்த வரியை மறந்துவிட்டான். அத்தனை வருஷத்தில் அவனுக்குப் பதில் கிடைத்தது அன்றைக்குத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் யாரையும் எதையும் கேட்க மாட்டார். பத்துப் படி அரிசியை ஊறவைத்துக் கொண்டுபோய் இறக்கினால், வேறு யாராக இருந்தாலும் வீட்டில் என்ன விசேஷம் என்று வாயைப் பிடுங்குவார்கள். அக்கா அரிசியை விரலால் நசுக்கிப் பார்ப்பார், மெஷினில் கொட்டுவார், அவ்வளவுதான். என் மனைவி ஒருநாள் இதைப் பற்றி விசாரித்தாள். விசாரித்தால்தான் பதில் வந்துவிடுமே.

"கேட்டா பதில் வராத வீட்டுல பதினஞ்சு வருஷம் இருந்தேன் பாப்பா. கேக்குறது விட்டுப்போச்சு."

அவர் கணவர் சாகும்வரை அதே வீட்டில், அதே கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். ஊரில் எல்லோரிடமும் பேசுவார். அக்காவிடம் மட்டும் பேச மாட்டார். என்ன கோபம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியுமா என்றும் தெரியாது. என் மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று இரண்டு கிலோ மிளகாய்த்தூளை மில்லிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

என்னை ஓடவைத்தது ஒரு நாடகம். அதை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது அக்காவின் மகள். திருவாரூரில் வேலை பார்த்தது அந்தப் பெண். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று போனில் ஒரு தொடரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. காதால் மட்டும் கேட்கிற நாடகம். வியாழக்கிழமை சாயங்காலம் புதுப் பகுதி வரும். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, மாவு படிந்த குட்டி ஸ்பீக்கரை ஜன்னல் கட்டையில் வைப்பார். அரைக்க வந்தவர்கள் அரைபடாத அரிசியோடு காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். மூன்றாவது வாரத்திலிருந்து அரைக்க எதுவும் இல்லாதவர்களும் வந்தார்கள். நான் கால் கிலோ கோதுமையை ஒரு மாதம் வைத்துக்கொண்டு போய் வந்தேன்.

கதை இதுதான். நம் பக்கம் மாதிரி ஒரு ஊர். எவனோ வந்து பூமியைத் துளைக்கிறான். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் சத்தம் கேட்கிற ஒரு கருவியை இறக்குகிறார்கள். கருவி மேலே அனுப்பும் சத்தத்தில் ஒரு குரல் இருக்கிறது. "மேலே யாரு?" என்று கேட்கிறது. கீழே இருப்பது என்ன என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். போன் டவர்களில் போகிற பேச்சையெல்லாம் அது மண் வழியாகக் கேட்டுக் கேட்டு மனிதக் குரலைக் கற்றுக்கொண்டது என்று ஒரு விஞ்ஞானி அம்மாள் விளக்குவாள். விளக்கிய அடுத்த வாரம் அவளையும் காணோம். பதில் சொன்னவர்கள் காணாமல் போவார்கள், அதுதான் கணக்கு. நாற்காலி காலியாக இருக்கும். கீழே ஈரக் களிமண்.

காட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். காட்டாமல் காதுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அதுவும் துளைக்கிற கதையை எங்கள் ஊரில் சொன்னால், அது எங்களுக்குப் பாதி செய்தி. போர்வெல் போட வண்டி வந்தாலே, எண்ணெய் எடுக்க வந்தவனோ என்று கூட்டம் கூடி என்ன ஏது என்று கேட்கிற ஊர் இது. பால்காரர் அடிபம்பில் கேன் கழுவுவதை நிறுத்தினார். என் மனைவி குளியலறைக் குழாய் களக் களக்கென்றால் கதவைத் திறந்துவைத்துக் குளித்தாள். நான் கூடத்தில் காவல். எதிர் வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், ஒலி அவ்வளவு ஆழத்திலிருந்து வராது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். எடுத்துவிட்டுப் போய்த் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தார்.

எல்லாவற்றையும்விடப் பழைய வழக்கம் ஒன்று திரும்பி வந்தது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனுசன் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மறந்து கிடந்த அதைத் தெருவே தூசி தட்டி எடுத்தது. காபி என்று நான் மூன்று தடவை கத்தினால்தான் சமையலறையிலிருந்து ஒரு உம் வரும். பெல் அடித்தாலும் மூன்று. கூரியர்க்காரன் பாவம், இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு ஆள் இல்லை என்று எழுதிப் போட்டுப் போய்விடுவான்.

அக்கா மட்டும் முதல் கூப்பாட்டுக்கே "ஏன்" என்று குரல் கொடுப்பார். நாடகத்துக்கும் அப்படியே. இரண்டாவது பகுதியிலோ மூன்றாவதிலோ, எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சொட்டு. சொட்டு. பிறகு அந்தக் குரல், மேலே யாரு என்று கேட்கிறது. அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே, "மில்லு வச்சிருக்கேன். உனக்கு என்ன வேணும்?" என்றார்.

சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விளையாட்டுதான், ஆனாலும் பதில் சொல்லிவிட்டார் இல்லையா. அந்த வாரம் முழுக்கத் தெரு அவரைக் கவனித்தது. காலையில் மில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டால்தான் மற்றவர்கள் பல் தேய்க்கப் போனார்கள். நடுவில் இரண்டு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்து மில் திறக்கவில்லை. என் மனைவி என்னிடம் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நான் கிண்டல் பண்ணினேன். பண்ணிவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் ஈரக் களிமண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

காய்ச்சல் சரியாகி அவர் வந்த அன்று, மில்லின் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டு, பானைக்குள் பேசுகிற குரலில், மேலே யாரு என்று கேட்டேன்.

"மேல யாருமில்ல தம்பி, நானும் கீழதான் இருக்கேன். ஒன் கோதுமையில புழு விழுந்துடுச்சு, எடுத்துட்டுப் போ."

இப்படிப்பட்டவரைப் பயமுறுத்த முடியாது. பயந்து நடுங்குவதற்கு என்னைப் போல அறிவாளிகள் வேண்டும்.

நான் ஓடிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வந்த பகுதி மோசமானது. வெளிநாட்டில் இருக்கிறவர்களின் குரலில் அது கூப்பிட ஆரம்பிக்கிறது. யார் குரலை எடுத்துக்கொள்கிறதோ அவர் போன் அணைந்து கிடக்கும். யாரென்று கேட்டால், நான்தான் என்று சொல்லும். துபாயிலும் சிங்கப்பூரிலும் ஆள் இல்லாத வீடு எங்கள் தெருவில் எது? அன்று மில்லிலிருந்து போனவர்கள் எல்லோரும் நடந்துகொண்டே போன் போட்டார்கள்.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே வாய்க்கால் மடையைப் பார்க்கப் போனேன். என் வயலின் கோடியில் பழைய மோட்டார்க் குழி ஒன்று உண்டு. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரையும் கீழே இறக்கிவைக்க, கிணறு மாதிரி சிமெண்ட் உறை இறக்கிய குழி. போர்வெல் குழாய்க்குள்ளேயே போகிற மோட்டார் வந்தபிறகு அதற்கு வேலை இல்லை. தகரம் போட்டு மூடியிருந்தது. அதன்மேல் முள்ளும் கொடியும். அதன் பக்கத்தில் வந்தபோது காலடி மண்ணிலிருந்து கேட்டது.

"மச்சான்..."

நான் நின்றேன். என் மனைவியின் தம்பியை நான் மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். எங்கள் பக்கம் அது இரண்டு பக்கமும் வண்டி போகிற ரோடு. அந்தக் குரலை நான் பொங்கலுக்குப் பொங்கல் போனில் கேட்கிறேன். சந்தேகமே இல்லை.

"மச்சான்... இருக்கீங்களா..."

இரண்டு. நான் மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். தவளை கத்தியது. எங்கோ டிராக்டர் ஓடியது. மூன்றாவது வரவில்லை. இவ்வளவு தெளிவாக எந்தப் பேயும் தன்னை நிரூபித்துக்கொண்டதில்லை. போனை எடுத்து மச்சானின் சிங்கப்பூர் நம்பரைப் போட்டேன். அணைந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே, வேட்டி வரைக்கும்.

சாக்கைச் சுற்றிக்கொண்டு மில்லில் நின்றவர்களிடம் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பால்காரர் மட்டும் கேனைக் கீழே வைத்தார்.

"எனக்கும் கேட்டுச்சுண்ணே. விடியக்காலம் பால் எடுத்துக்கிட்டு வரப்ப. அண்ணே அண்ணேன்னு ரெண்டு தடவ. நான் திரும்பியே பாக்கல."

அக்கா மெஷினை அணைத்தார். பெல்ட் சுற்றி ஓய்கிற வரைக்கும் எங்களைப் பார்த்தார். நெற்றி மாவு உதிர்ந்தது. பிறகு படியிறங்கி வயல் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். பின்னால் என்றால், நல்ல தூரம் பின்னால்.

குழியை நெருங்கும்போது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அக்கா, பதில் சொல்லிடாதீங்க என்று கெஞ்சினேன். அவர் முள்ளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலையைச் சாய்த்தார். அப்புறம் வந்தது, என் காதில் விழுந்ததைவிட இளைத்துப்போய்.

"யாராவது... இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு" என்றார் அக்கா.

"நான்தான்க்கா..."

பால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் என்றுதான் அதுவும் சொல்லும். அக்கா முள்ளைக் கையாலேயே விலக்கினார். தகரம் நடுவில் மடிந்து உள்ளே தொங்கியது. துருப்பிடித்த ஓட்டை, ஒரு ஆள் போகிற அகலம். அப்போதுதான் நான் வரப்பைப் பார்த்தேன். நீல நிறப் பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கைப்பிடியில் ஏர்போர்ட்டில் ஒட்டுகிற சீட்டு. ஓடும்போது அதைத் தாண்டிக் குதித்துத்தான் போயிருக்கிறேன். நன்றாகக் குதித்தேன் என்று கூட ஞாபகம் இருக்கிறது.

சொல்லாமல் வந்து தன் அக்காவை, அதாவது என் மனைவியை, ஆச்சரியப்படுத்தலாம் என்று திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, இருட்டு விலகும் முன் மெயின் ரோட்டில் இறங்கி, என் வயல் வழியாகக் குறுக்கே நடந்திருக்கிறான். போன் அவனோடு சேற்றுக்குள் போய்விட்டது.

குழிக்குள் இறங்கப் போன என்னை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். மூடிக் கிடந்த குழியில் இறங்கி மூச்சுமுட்டி விழுந்தவனைத் தூக்கப்போய் அடுத்தவனும் விழுந்த கதை டெல்டாவில் ஊருக்கு ஒன்று இருக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டபோது அவர்களும் அதையே சொன்னார்கள்: யாரும் இறங்க வேண்டாம், நாங்கள் வருகிற வரைக்கும் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

முதலில் பேச்சுக் கொடுப்பது சுலபமாக இருந்தது. அவன் கேட்டான், அக்கா பதில் சொன்னார். வண்டி வருதா. வருது. அக்கா வந்திருக்கா. வந்துக்கிட்டு இருக்கா. மச்சான் எங்க. இங்கதான் சாக்கு கட்டிக்கிட்டு நிக்கிறாரு.

"கூப்பிட்டேன் மச்சான்... ரெண்டு தடவைக்கு மேல... மூச்சு வரல. வெலாவுல குத்துது. கொஞ்சம் விட்டுத்தான்..."

சாக்கை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி.

பிறகு அவன் கேட்பது நின்றது. என் மனைவி ஓடிவந்து குழி விளிம்பில் விழுந்து, தம்பி தம்பி என்று அலறினாள். அலறலுக்கு அவனால் என்ன சொல்ல முடியும். கீழே இருட்டில் ஒரு வெள்ளைச் சட்டை அசையாமல் தெரிந்தது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய தொண்டை வைத்திருந்தவர் உதட்டை நனைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பதினைந்து வருஷம் எதிர் நாற்காலியிடம் கேட்டுக் கேட்டு நிறுத்தியவர். மறுபடியும் கேட்டு, மறுபடியும் பதில் வராமல் போனால்?

குனிந்தார். இரண்டு கையையும் உறையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார்.

"சாப்பிட்டியாய்யா?"

பதில் இல்லை.

"அய்யா, சாப்பிட்டியா?"

எத்தனை தடவை கேட்டார் என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற புத்தி என்னிடம் அப்போது இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். முகத்தில் மாவும் வியர்வையும் குழைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"ப்ளேன்ல... குடுத்தாங்க" என்றது கீழே.

"என்ன குடுத்தாங்க?"

"உப்புமா மாதிரி..."

"தொட்டுக்க?"

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. ஊரில் இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்தக் குழிக்குள் கொட்டினார். சம்பளம் ஒழுங்கா வருதா. ரூம்ல எத்தனை பேரு. யாரு சமைக்கிறது. மாவு எங்க வாங்குறீங்க. பாக்கெட் மாவா, அதுல என்னத்தக் கலக்குறான். சண்டை போட்டான்னு ஒங்கக்கா சொன்னாளே, அந்தக் கூட்டாளி பேசுறானா. பதில் சில சமயம் ஒரு முனகல். முனகலையும் வாங்கிக்கொண்டு அதிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிடித்தார். கேட்டுக் கேட்டு அவர் தொண்டை கட்டியதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

தீயணைப்பு வண்டியால் வயலுக்குள் இறங்க முடியவில்லை. ஆட்கள் கயிறும் காற்று ஊதும் குழாயுமாக வரப்பில் ஓடிவந்தார்கள். முதலில் காற்றை விட்டார்கள். பிறகு முகமூடி போட்ட ஒருவர் இறங்கினார். அவர் போய்க் கட்டுகிறவரை அக்காவை நகரச் சொன்னார்கள். ஒரு எட்டு நகர்ந்து நின்று, கம்மிய குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பெட்டியில அக்காவுக்கு என்னய்யா வாங்கியாந்தே?"

கீழிருந்து வந்தது. "எந்த அக்காவுக்கு?"

"எனக்குத்தான்."

கயிறு இறுகியது. நாலு பேர் இழுத்தார்கள், நானும் ஒரு முனையைப் பிடித்தேன். தலை முதலில் வந்தது, அப்புறம் களிமண் அப்பிய தோள். தொடை எலும்பு ஒன்றும் விலா இரண்டும் முறிந்திருந்தன. வந்தது என் மச்சான்தான். கண் திறந்திருந்தது. உயிரோடு இருந்தான்.